12 வோல்ட் ஏசியை பிசி547 பேஸுக்கு நேரடியாகக் கொடுத்தால் மைனஸ் பாதி என்ன ஆகும்?

தாமிரக்கம்பி

சர்க்யூட் இதுதான். 230/12 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். செகண்டரியின் ஒரு முனை கிரவுண்ட். இன்னொரு முனை 10கே (10,000 ஓம் ரெசிஸ்டர்) வழியாக பிசி547 என்ற சிறிய டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. எமிட்டர் கிரவுண்டில். கலெக்டரில் 5 வோல்ட்டுக்கு 10கே புல்-அப், அங்கிருந்து ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் பின் 2. ஆர்டுயினோவுக்கு சப்ளை தனி. முதல் வேலை லைன் ஃப்ரீக்வென்சி எண்ணுவது, அடுத்தது ட்ரையாக் (ஏசியை ஆன் செய்யும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்) ஃபேஸ் கன்ட்ரோலுக்கு ஜீரோ கிராஸிங், அதாவது அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரம், எடுப்பது.

பல்ஸ் ஒழுங்காக வருகிறது. ஆனால் ஸ்கோப்பை பேஸில் வைத்தால் பிளஸ் பாதியில் 0.7 வோல்ட், மைனஸ் பாதியில் 8 வோல்ட் வரை இறங்கி அங்கே தட்டையாக நிற்கிறது. இப்படியே விடலாமா?

ஈயப்புகை

விட வேண்டாம். அந்தத் தட்டையான 8 வோல்ட்தான் உங்கள் பேஸ்-எமிட்டர் ஜங்ஷன் ரிவர்ஸில் உடைந்து கரண்ட் கடத்தும் இடம். அதாவது டிரான்சிஸ்டர் அந்த நேரத்தில் ஒரு மோசமான ஜீனர் (ரிவர்ஸில் உடைந்தே வேலை செய்யும் டையோடு). டேட்டாஷீட்டில் எமிட்டர்-பேஸ் வோல்டேஜ் உச்ச வரம்பு பிசி547-க்கு 6 வோல்ட், 2என்3904-க்கும் 6, டிஐபி31-க்கு 5, பழைய 2என்3055-க்கு 7. கலெக்டர் 45 வோல்ட் தாங்கும் என்பதைப் பார்த்துவிட்டு பேஸும் தாங்கும் என்று நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல். எமிட்டர் பகுதியில் டோப்பிங் மிக அதிகம், அதனால் அந்த ஜங்ஷன் சீக்கிரம் உடையும். சிறிய டிரான்சிஸ்டர்களில் நிஜமாக உடைவது பெரும்பாலும் 7 முதல் 9 வோல்ட்டுக்குள்.

கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் பீக் 17. சின்ன டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாமல் 14 வோல்ட் வரை காட்டும், பீக் 20. ரிவர்ஸில் (20 − 8) ÷ 10கே = 1.2 மில்லி ஆம்பியர். பீக்கிலேயே 10 மில்லிவாட்டுக்குக் கீழ்தான், தொட்டால் சூடுகூடத் தெரியாது. அதனால்தான் "வேலை செய்யுதே" என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உடைவில் வேகமெடுக்கும் எலெக்ட்ரான்கள் ஜங்ஷன் மேல் உள்ள ஆக்ஸைடு விளிம்பைக் கெடுக்கும். பேஸ் கரண்ட்டில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும். கெயின் (கலெக்டர் கரண்ட் ÷ பேஸ் கரண்ட்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முதலில் அடிபடுவது குறைந்த கலெக்டர் கரண்ட்டில் கிடைக்கும் கெயின். நாய்ஸும் ஏறும்.

தீர்வு ஒரே ஒரு 1என்4148 டையோடு. கோடு போட்ட முனை (கேத்தோடு) பேஸில், மறுமுனை எமிட்டரில். 10கே ரெசிஸ்டர் டையோடு, பேஸ் இரண்டுக்கும் முன்னால் இருக்க வேண்டும். மைனஸ் பாதியில் பேஸ் −0.7-க்குக் கீழே போகாது.

காயில்சுற்றி

அதே டையோடை பேஸுக்கு சீரிஸில் போட்டால் மைனஸ் பாதி உள்ளேயே வராதே? 10கே-யில் வீணாகப் போகும் கரண்ட்டும் மிச்சம். எனக்கு சீரிஸ்தான் சுத்தமாகத் தெரிகிறது.

அலைமானி

சீரிஸ் டையோடு தப்பில்லை, ஆனால் அது தனியாக வராது. டையோடு ஆஃப் ஆனதும் பேஸ் அந்தரத்தில் தொங்கும். ஆன் ஆக இருந்தபோது பேஸில் சேர்ந்த சார்ஜ் வெளியே போக வழி இல்லை, டிரான்சிஸ்டர் மெதுவாக ஆஃப் ஆகும். டையோடின் லீக்கேஜும், அதன் சில பிகோஃபாரட் வழியாக வரும் குறுகிய ஸ்பைக்கும் நேராக பேஸில் இறங்கும். அதற்கு பேஸ்-எமிட்டர் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். அந்த ரெசிஸ்டர் போட்டதும் அடுத்த சிக்கல் தொடங்கும், அதைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் அதிகம்.

மிச்சமாகும் கரண்ட்டைப் பற்றி: 14 வோல்ட் ஆர்எம்எஸ் 10கே-யில் 20 மில்லிவாட். கால் வாட் ரெசிஸ்டருக்கு அது தூசி.

தாமிரக்கம்பி

இரண்டையும் போட்டுப் பார்த்தேன். முதலில் 10கே + குறுக்கே 1என்4148: மைனஸ் பாதி −0.65-ல் நின்றுவிட்டது. பிறகு 100கே + சீரிஸ் டையோடு + பேஸ்-எமிட்டரில் 10கே: பேஸ் சுத்தம், ஆனால் கலெக்டர் இறங்குவது நிஜமான ஜீரோவுக்கு 1.2 மில்லி விநாடி கழித்து. எங்கிருந்து வருகிறது இவ்வளவு தாமதம்?

அலைமானி

நான் சொன்ன அடுத்த சிக்கல் இதுதான். 100கே-யும் 10கே-யும் சேர்ந்து வோல்டேஜ் டிவைடர். பேஸ் 0.6-ஐத் தொட வேண்டுமானால் டிவைடரின் மேல்முனை 0.6 × 11 = 6.6 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். சீரிஸ் டையோடுக்கு இன்னொரு 0.6 சேர்த்தால் 7.2. பீக் 20 வோல்ட் சைன் அலை 7.2-ஐத் தொட 1.17 மில்லி விநாடி ஆகும். நீங்கள் ஸ்கோப்பில் பார்த்தது அதுதான்.

100கே மட்டும், குறுக்கே டையோடு, பேஸ்-எமிட்டர் ரெசிஸ்டர் இல்லை என்றால்: கலெக்டரில் அரை மில்லி ஆம்பியர், கெயின் 200, பேஸ் கரண்ட் 2.5 மைக்ரோ ஆம்பியர், 100கே-யில் விழுவது கால் வோல்ட். 0.6 + 0.25 = 0.85 வோல்ட். தாமதம் சுமார் 135 மைக்ரோ விநாடி. சோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் என்பதால் பேஸுக்கு டிசி வழி ஏற்கெனவே இருக்கிறது, தனி ரெசிஸ்டர் தேவையே இல்லை. வயர் பிடுங்கிப் போகும் கனெக்டர் என்றால் மட்டும் 1 மெகா ஓம் போடுங்கள்.

ரெசிஸ்டரை 10கே-க்குக் குறைத்தால் 100 மைக்ரோ விநாடி பக்கம் வரும், அவ்வளவுதான். 0.6 வோல்ட்டை எந்த ரெசிஸ்டரும் அழிக்காது. 100கே-யிலேயே பீக்கில் 0.19 மில்லி ஆம்பியர் பேஸுக்குக் கிடைக்கிறது. அரை மில்லி ஆம்பியர் கலெக்டரை ஆழமாகச் சாச்சுரேட் செய்ய (முழுதாக ஆன் ஆக்க) அது தாராளம்.

ஈயப்புகை

சாஃப்ட்வேரில் இதைச் சுலபமாகக் கழிக்கலாம். ஆன் ஆவது ஜீரோவுக்கு 135 மைக்ரோ விநாடி பிந்தி, ஆஃப் ஆவது அடுத்த ஜீரோவுக்கு அதே அளவு முந்தி. ஆகவே லோ பல்ஸின் நடுப்புள்ளி பாசிட்டிவ் பீக். இரண்டு எட்ஜையும் டைமரில் பிடித்து, நடுவை எடுத்து, 5 மில்லி விநாடி கூட்டினால் ஜீரோ. சாச்சுரேஷனால் வரும் ஆஃப் தாமதம் ஒரு சில மைக்ரோ விநாடி, 50 ஹெர்ட்ஸில் கண்டுகொள்ள வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரே ஃபேஸை நகர்த்தும் என்பதை மறக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் ஒரு டிகிரி என்பது 55 மைக்ரோ விநாடி. சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் சில டிகிரி நகர்வு சாதாரணம். ஃப்ரீக்வென்சி எண்ண இது பாதிக்காது. ட்ரையாக்குக்கு ஆப்டோகப்ளர் (எல்இடி ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் பாகம்) வழிதான் சரி.

இன்னொன்று, எட்ஜ். ஜீரோ பக்கத்தில் 20 வோல்ட் பீக் அலை ஏறும் வேகம் மைக்ரோ விநாடிக்கு 6 மில்லிவோல்ட் மட்டும். லைனில் மிக்ஸி ஓடினால் ஒரு எட்ஜுக்கு நான்கு இன்டரப்ட் வரும். கலெக்டரிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட், புரோகிராமில் ஒரு இன்டரப்ட்டுக்குப் பின் 15 மில்லி விநாடி காது கேளாமை (ஒரு திசை எட்ஜ் மட்டும் எண்ணினால்). இரண்டு எட்ஜும் வேண்டுமானால் 8.

பிரிட்ஜ்தாசன்

ஆர்டுயினோவுக்கு சப்ளை தனி என்று எழுதியிருப்பதால் தப்பித்தீர்கள். இதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிட்ஜ் (நான்கு டையோடு ரெக்டிஃபயர்) போட்டு 7805 ரெகுலேட்டருக்கும் எடுக்க நினைத்தால் செகண்டரி முனையைக் கிரவுண்ட் செய்யக் கூடாது. பிரிட்ஜின் மைனஸும் கிரவுண்ட், செகண்டரி முனையும் கிரவுண்ட் என்றால் கீழ் டையோடு ஒன்று ஷார்ட் ஆகிவிடும், ஒரு பாதியில் செகண்டரி முழுதும் இன்னொரு டையோடு மேல் விழும். டையோடோ ஃபியூஸோ, எது முந்துகிறதோ அது.

சரியான வழி: பிரிட்ஜ் மைனஸ் மட்டும் கிரவுண்ட், பேஸ் ரெசிஸ்டர் செகண்டரியின் ஏதாவது ஒரு முனையிலிருந்து. அப்போது அந்த முனை கிரவுண்டைப் பொறுத்து −0.7-க்குக் கீழே போகவே முடியாது, கீழ் டையோடு பிடித்துக்கொள்ளும். பேஸுக்கு ஆபத்து தானாகவே இல்லை. ஆனால் ஃபில்டர் கெப்பாசிட்டர் இருப்பதால் பிரிட்ஜ் பீக்கில் மட்டும்தான் நன்றாகக் கடத்தும், மற்ற நேரம் முனைகள் மிதக்கும். இரண்டு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 10கே போடுங்கள், அலை ஒழுங்காகும்.

12-0-12 சென்டர் டேப், இரண்டு டையோடு என்றால் கதை வேறு. சென்டர் டேப் கிரவுண்ட், இரு முனையும் முழுதாக ±17. அங்கே 1என்4148 கட்டாயம்.

டிக்டிக்

இதோடு சேர்த்து என்னுடையதும். ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து 10 வோல்ட் பீக்-டு-பீக், 1 கிலோ ஹெர்ட்ஸ். டிசி வேண்டாமே என்று 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிறகு 10கே, பிறகு பேஸ். குறுக்கே டையோடு இல்லை. ±5 வோல்ட்தானே, 6-க்குள்ளேயே இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் கலெக்டரில் பல்ஸ் நன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் மெலிந்து காணாமல் போகிறது. டிரான்சிஸ்டரை மாற்றியும் அதேதான்.

அலைமானி

±5 என்பது கெப்பாசிட்டருக்கு முன்னால். அதற்குப் பின்னால் நிலைமை வேறு.

பிளஸ் பாதியில் பேஸ் கரண்ட் ஓடி கெப்பாசிட்டரை சார்ஜ் செய்கிறது. மைனஸ் பாதியில் பேஸ்-எமிட்டர் ஜங்ஷன் மூடிக்கொள்ளும், சார்ஜ் திரும்பிப் போக வழி இல்லை. ஒவ்வொரு சைக்கிளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கெப்பாசிட்டரில் 4.3 வோல்ட் வரை சேரும். இப்போது முழு அலையும் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. மேல் நுனி +0.7-ஐ மட்டும் தொடும், கீழ் நுனி −9.3. நுனியில் கிடைக்கும் பேஸ் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே பல்ஸ் மெலிந்து மறையும். மைனஸ் பக்கம் 8-ல் ஜங்ஷன் உடைந்து, அந்த வழியாகக் கொஞ்சம் டிஸ்சார்ஜ் ஆகும். சில டிரான்சிஸ்டரில் பல்ஸ் முற்றிலும் சாகாமல் ஒல்லியாக உயிரோடு இருப்பது அந்த உடைவின் தயவில்தான். நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மல்டிமீட்டரிலேயே பிடிக்கலாம்: டிசி ரேஞ்சில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே வையுங்கள். மைனஸில் மூன்று நான்கு வோல்ட் காட்டினால் இந்த நோய்தான். மீட்டரின் 10 மெகா ஓம் உள்தடையே கொஞ்சம் டிஸ்சார்ஜ் செய்வதால் அளவு துல்லியமாக இருக்காது, குறி மட்டும் பாருங்கள்.

பேஸ்-எமிட்டர் குறுக்கே 1என்4148 போட்டதும் இரண்டு திசையிலும் ஒரே 0.7, கெப்பாசிட்டரில் டிசி சேராது. கெப்பாசிட்டரைத் தாண்டி கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் மட்டும் போட்டு சமாளிப்பவர்கள் உண்டு. அது பேஸ் ரெசிஸ்டரைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால்தான் பயன், 10கே-க்கு 1கே என்பதுபோல. அப்போது ஜெனரேட்டர் வீணாகச் சுமக்கும். டையோடு மலிவு.

காயில்சுற்றி, உங்கள் சீரிஸ் டையோடை இங்கே போட்டால் நிலைமை இன்னும் மோசம். உடைவு வழியும் அடைபட்டு, கெப்பாசிட்டர் பீக் வரை ஏறி அப்படியே உட்கார்ந்துவிடும். கெப்பாசிட்டர் கப்ளிங் என்றால் சீரிஸ் டையோடு கிடையாது.

காயில்சுற்றி

ஒப்புக்கொள்கிறேன், கெப்பாசிட்டர் இருந்தால் குறுக்கேதான். ஆனால் சீரிஸ்தான் சரியான இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர் மல்டிவைப்ரேட்டர், அந்த எல்இடி மாறி மாறி மின்னும் சர்க்யூட். 9 வோல்ட் பேட்டரியில் ஒரு கலெக்டர் கீழே விழும்போது மறு பேஸ் −8.3 வோல்ட்டுக்கு இழுக்கப்படுகிறது. 12 வோல்ட்டில் −11.3. ஏசி இன்புட் எதுவுமே இல்லாத சர்க்யூட்டில் அதே உடைவு. 0.69 × ஆர் × சி என்று கணக்குப் போட்டு வைத்தவர்களுக்கு 12 வோல்ட்டில் ஃப்ரீக்வென்சி கூடுதலாக வருவது இதனால்தான்: கெப்பாசிட்டர் கணக்குப்படி கீழே போகாமல் 8-லேயே நின்று, அங்கிருந்து சீக்கிரம் ஏறிவிடுகிறது.

இங்கே டையோடைக் குறுக்கே போட்டால் பேஸ் −0.7-க்குக் கீழே போகாது, டைமிங்கே அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பேஸுக்கும் சீரிஸில் 1என்4148. டைமிங் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேரும் புள்ளிக்கும் பேஸுக்கும் நடுவே, கோடு பேஸ் பக்கம் பார்க்க. 5 வோல்ட் சப்ளையில் −4.3-தான், எதுவும் வேண்டாம்.

ஈயப்புகை

நல்ல உதாரணம். அதே குடும்பத்தில் ஸ்பீட்-அப் கெப்பாசிட்டரும் வரும். 100 கிலோ ஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்ய பேஸ் ரெசிஸ்டர் குறுக்கே 100 பிகோஃபாரட் போடுகிறோம். 5 வோல்ட் லாஜிக்கில் இறங்கும் எட்ஜில் பேஸ் −4.3 வரை இடிக்கலாம், வரம்புக்குள். அதையே 12 வோல்ட் சிமாஸ், உதாரணமாக சிடி4049-இலிருந்து ஓட்டினால் −11 பக்கம் போகும், குறுக்கே டையோடு வேண்டும். ஸ்பைக் குறுகியது என்று மன்னிப்பு இல்லை. விநாடிக்கு லட்சம் முறை வருகிறது.

ஆடியோக்காரர்களுக்கு: லைன் லெவல் 1 வோல்ட் ஆர்எம்எஸ் எதையும் உடைக்காது. உடைப்பது 48 வோல்ட் ஃபேன்டம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் சப்ளை). மைக் ப்ரீஆம்ப் இன்புட்டில் 47 மைக்ரோஃபாரட் 48 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகி நிற்கும்போது கேபிளில் பின் 2 கிரவுண்டைத் தொட்டால், மறுமுனையில் உள்ள பேஸ் −48-க்கு இழுக்கப்படும். தடுக்க இரண்டு ரெயிலுக்கும் டையோடு கிளாம்ப், நடுவே சில ஓம் சீரிஸ் ரெசிஸ்டர். அங்கே 1என்4148 பாவம். 1என்4004 மாதிரி உடம்பு வேண்டும். லோ-நாய்ஸ் டிரான்சிஸ்டருக்கு ஒரு தடவை உடைந்தாலும் இரைச்சல் ஏறிவிடலாம்.

டிக்டிக்

குறுக்கே டையோடு போட்டேன், பல்ஸ் நிலையாக இருக்கிறது. இதே ஏசியால் 12 வோல்ட் ரிலே இயக்கலாமா? லைனில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று காட்ட.

பிரிட்ஜ்தாசன்

நேராகக் கொடுத்தால் ரிலே விநாடிக்கு 50 தடவை கடகடக்கும், காண்டாக்ட் கருகும். முதலில் டிசி ஆக்குங்கள்: 1என்4007 சீரிஸ், 10 மைக்ரோஃபாரட் 50 வோல்ட், அதன் குறுக்கே 22கே. 400 ஓம் காயில் 30 மில்லி ஆம்பியர் எடுக்கும், பேஸுக்கு பத்தில் ஒரு பங்கு 3 மில்லி ஆம்பியர். கெப்பாசிட்டரில் 17 வோல்ட் சுமாராக இருக்கும், 4.7கே போட்டால் 3.5 கிடைக்கும். கெப்பாசிட்டர் இரண்டு பீக்குக்கு நடுவே 20 மில்லி விநாடி தாங்க வேண்டும்: 4 மில்லி ஆம்பியர் சுமைக்கு 10 மைக்ரோஃபாரடில் 8 வோல்ட் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்)! ஆகவே 47 மைக்ரோஃபாரட் போடுங்கள், ரிப்பிள் 2-க்குள் வரும். காயில் குறுக்கே 1என்4007, கோடு பிளஸ் பக்கம். இங்கே பேஸுக்கு மைனஸ் வரவே வராது, கிளாம்ப் டையோடு வேண்டாம்.

தாமிரக்கம்பி

ட்ரையாக்குக்கு ஆப்டோ என்றீர்கள். பிசி817 ஆப்டோவை 230-க்கு நேராக மாட்டுவது எப்படி?

ஈயப்புகை

ஆப்டோவின் எல்இடியும் ரிவர்ஸில் 6 வோல்ட்தான் தாங்கும், அதே வியாதி. பிசி817 என்றால் எல்இடிக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4148. இரண்டு பாதியும் வேண்டுமானால் உள்ளேயே இரண்டு எல்இடி எதிரெதிராக உள்ள பிசி814.

ரெசிஸ்டர்: 47கே 1 வாட் இரண்டு, ஒன்று ஃபேஸில், ஒன்று நியூட்ரலில். மொத்தம் 94கே, 2.4 மில்லி ஆம்பியர் ஆர்எம்எஸ், ஒவ்வொன்றிலும் 0.28 வாட். கால் வாட் ரெசிஸ்டர் இங்கே வாட்டிலும் தோற்கும். சாதாரண கார்பன் ஃபிலிம் கால் வாட்டின் வோல்டேஜ் வரம்பும் 250 மட்டும், ஒற்றையாக 230-க்கு (பீக் 325) போதாது. பிசி814-இன் டிரான்ஸ்ஃபர் விகிதம் (வெளியே வரும் கரண்ட் ÷ எல்இடி கரண்ட்) குறைந்தபட்சம் 20 சதம் என்று வைத்துக்கொண்டால் வெளியே அரை மில்லி ஆம்பியர்தான். 5 வோல்ட்டுக்கு 10கே புல்-அப் விளிம்பில் நிற்கும், 22கே போடுங்கள். ஆப்டோவின் இரு வரிசைக் கால்களுக்கு நடுவே போர்டில் காப்பரே ஓடக் கூடாது, முடிந்தால் ஒரு பிளவு வெட்டுங்கள். ஃபேஸில் சின்ன ஃபியூஸ். கையில் ஸ்கோப் கிரவுண்ட் கிளிப் இருக்கும்போது 230 பக்கத்தைத் தொடவே வேண்டாம், கிளிப் எர்த்தில் இருக்கிறது.

காயில்சுற்றி

ஏற்கெனவே உடைவில் ஓடிய டிரான்சிஸ்டர்களைத் தூக்கிப் போட வேண்டுமா?

அலைமானி

மல்டிமீட்டரின் கெயின் சாக்கெட் பேஸுக்குச் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான் கொடுக்கும். அடிபட்டது அங்கே தெரியும். அதே பாக்கெட்டில் உள்ள புதியதோடு ஒப்பிடுங்கள். பிசி547பி 200 முதல் 450 வரை இருக்க வேண்டும். புதியது 300 காட்டி பழையது 180 காட்டினால், ரிலே டிரைவருக்கு வைத்துக்கொள்ளலாம், ப்ரீஆம்புக்கு வேண்டாம்.

சோதிக்கும் முன் கால் வரிசை. பிசி547 தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே: இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். மாற்றிச் சொருகினாலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்யும், கெயின் மட்டும் ஒற்றை இலக்கத்தில். 12 வோல்ட் சப்ளையில் அப்படி மாட்டினால் கலெக்டர் என்று நினைத்த இடத்தில் எமிட்டர் இருக்கும்; இன்புட்டில் மைனஸே இல்லாமல் அதே ஜங்ஷன் உடையும்.

டிக்டிக்

கடைசியாக ஒன்று: 1என்4148 இல்லை, 1என்4007 இருக்கிறது. அல்லது இன்னொரு பிசி547-இன் பேஸ்-எமிட்டரையே டையோடாக வைக்கலாமா?

ஈயப்புகை

50 ஹெர்ட்ஸுக்கு 1என்4007 தாராளமாகப் போகும். அது திரும்ப மூட மைக்ரோ விநாடிக் கணக்கில் நேரம் எடுக்கும், 1என்4148-க்கு 4 நானோ விநாடி. ஆகவே பத்து கிலோ ஹெர்ட்ஸைத் தாண்டினால் 4007 வேண்டாம். பிசி547 ஜங்ஷனைக் குறுக்கே கிளாம்பாகப் போடலாம், அதன் ரிவர்ஸில் வருவது 0.7 மட்டும். சீரிஸில் போட்டால் அதுவும் 8 வோல்ட்டில் உடைந்துவிடும்.